யாருடைய ஆள்?

மே 4

முகாம் தொடங்கிவிட்டது. இருபத்தெட்டுப் பேர் வந்திருக்கிறோம். காத்மண்டுவுக்குப் போகப்போவது இருபத்து மூன்று பேர். பயிற்றுநர் நிலந்தி மிஸ் இதைச் சொன்னபோது எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் நேரே பார்த்தேன். முதல் கோல்காப்பாளரை எவரும் வெட்டமாட்டார்கள்.

காலைப் பத்திரிகையில் எங்களைப் பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. 'அனுபவம் பெறும் நோக்கில் இலங்கை மகளிர் உதைபந்தாட்ட அணி தெற்காசியக் கிண்ணத்துக்குச் செல்கிறது.' அனுபவமாம். பத்தொன்பது வயதிலிருந்து அனுபவம்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், இனி வீட்டில் வைக்க இடமில்லை. எங்கள் பிரிவில் மூன்று அணிகள். இந்தியாவிடம் தோற்போம், அதில் வெட்கமில்லை. பூட்டானை வென்றால் அரையிறுதி. நான் விளையாட வந்த காலம் முதல் இந்த அணி அரையிறுதியைக் கண்டதில்லை. எனக்கு முப்பத்திரண்டு. அடுத்த கிண்ணத்தின்போது நான் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பேன். ஆகவே இதுதான்.

கண்ணைப் பற்றியும் ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன். மார்ச்சில் கழகப் போட்டியொன்றில் கிட்ட நின்று அடித்த பந்து வலக்கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்து டொக்டர் விழித்திரையில் ஒரு சின்னக் கிழிசல் என்றார். அடுத்த கிழமையே கொழும்புக்குப் போய்க் காட்டு, அதுவரை விளையாடாதே, கண்ணுக்குள் திரை விழுகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே ஓடி வா என்றார். அடுத்த கிழமைதான் முகாமுக்கான தேர்வு. காத்மண்டு முடியட்டும், போகிறேன். கண் எங்கும் ஓடிப்போகாது.

தங்கச்சி ஜெசிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அந்தோனியார் கோவிலில் பாய் போட்டுப் படுத்துவிடுவா.

மே 7

இந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. எங்களைப் படம் பிடித்துப் போட்டுக்காட்ட ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே கோல் விழுந்த உடனே மிஸ் கோட்டுக்கு வெளியில் நின்று என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்: "யாருடைய ஆள்?" அடித்தவளை யார் மறித்திருக்க வேண்டும் என்று அர்த்தம். நான் ஒரு பெயர் சொல்ல வேண்டும். மிஸ் பேசுவதெல்லாம் சிங்களம். இந்த இரண்டு சொல்லை மட்டும் தமிழில் கற்று வைத்திருக்கிறார், அதுவும் புத்தகத் தமிழில்.

பெயர் சொல்லப்பட்டவள் வாதாடக்கூடாது. கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். மைதானம் முழுவதையும் பின்னாலிருந்து பார்ப்பவள் கோல்காப்பாளர், அவள் கண்ணுக்கு மிஞ்சிய சாட்சி இல்லை என்பது மிஸ்ஸின் கட்சி. நான்கு வருடமாக நான் சொன்ன எந்தப் பெயரையும் ஒருத்தியும் மறுத்ததில்லை. நான் பிழையாகச் சொன்னதும் இல்லை.

மே 9

மழை. கையுறை காயவில்லை. மின்விசிறியில் கட்டிவிட்டிருக்கிறேன்.

மே 12

மைதானத்து விளக்குகள் சரியில்லை. வலப்பக்கக் கம்பத்தில் பாதி பல்ப் எரிவதில்லை என்று நினைக்கிறேன். மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லாம் எரிகிறதே என்றார். அவருக்கும் வயதாகிறது.

பந்தும் மோசம். வெள்ளையில் சாம்பல் கோடு போட்ட பந்தை மழை நாளில் எவன் வாங்கச் சொன்னான்? இரண்டு தடவை வலது கம்பத்தில் தோள் இடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பாதி தொடங்கும்போதும் கோலின் நடுவிலிருந்து குதிக்காலால் புல்லில் ஒரு கோடு கீறி வைப்பது என் பழக்கம். அதை வைத்துத்தான் கம்பம் எங்கே என்று திரும்பிப் பார்க்காமலே கணக்குப் போடுவேன். இன்று கோட்டை ஆழமாகக் கீறினேன். மைதானக்காரர் முறைத்தார்.

இரவுச் சாப்பாட்டில் தேநீர் ஊற்றும்போது மேசையெல்லாம் கொட்டிவிட்டது. இந்த விடுதிக் கோப்பைகள் மிகவும் சின்னவை. என் அறைத்தோழி மேகலா துடைத்துவிட்டு, அடுத்த கோப்பையைத் தானே ஊற்றித் தந்தாள். இரண்டாவது கோல்காப்பாளர் அவள், மலைநாட்டுப் பொகவந்தலாவைப் பிள்ளை. ஆறு வருடமாக எனக்குப் பின்னால் பெஞ்சில் இருக்கிறாள். நான் நன்றாக விளையாடினால் மனதாரக் கை தட்டுகிற ஒரே ஆள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இப்படி இருந்திருக்க மாட்டேன்.

மே 15

பின்களம் பொருந்தி வருகிறது. வலது பக்கத்தில் டிலக்சனா. முல்லைத்தீவில் ஒரு மாவட்டப் போட்டியில் நான்தான் இவளைக் கண்டுபிடித்து மிஸ்ஸிடம் கொண்டுவந்தேன். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். ஆனால் ஒருத்தியை மறி என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் கழிவறைக்குப் போனாலும் வாசலில் நிற்பாள்.

இன்று பயிற்சி முடிந்து சப்பாத்துக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எமில்டா அக்கா, நான் போவனோ?"

"எங்கை?"

"காத்மண்டுக்கு."

"நீ இல்லாமல் என்ர வலப்பக்கத்தை ஆர் பாக்கிறது? போய்ச் சாப்பிடு."

அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது. அம்மாவுக்குச் சொல்லிவிட்டாளாம், கடவுச்சீட்டும் எடுத்துவிட்டாளாம். வீட்டில் முதல் கடவுச்சீட்டு இவளுடையதுதான்.

மே 18

மாலைதீவுடன் நட்புப் போட்டி. 1–1. வென்றிருக்க வேண்டியது.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிகிற நேரம் மழை கொட்டத் தொடங்கியது. வலப்பக்கத்திலிருந்து பந்தை உயர்த்திப் போட்டார்கள். கோலுக்கு முன்னால் ஒரே கூட்டம். அவர்களுடைய ஒன்பதாம் இலக்கக்காரி தலையால் தட்டியிருப்பாள். வலை அசைந்த சத்தம் கேட்டுத் திரும்பினால் பந்து உள்ளே கிடக்கிறது. ஒன்பதாம் இலக்கக்காரி கையை உயர்த்திக்கொண்டு ஓடுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றது டிலக்சனா.

மிஸ் மறுபக்கக் கோட்டிலிருந்து கத்தினார். "யாருடைய ஆள்?"

"டிலக்சனா!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு வழக்கப்படி கையை உயர்த்திவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள்.

மேகலா மாற்று ஆட்டக்காரிகளுடன் கோலுக்குப் பின்னால் உடம்பு சூடாக்கிக்கொண்டு நின்றாள். பந்தை எடுத்துத் தந்தவளும் அவள்தான். தரும்போது என் முகத்தையே பார்த்தாள்.

வழுக்குகிற பந்து, மழை, கூட்டம். எந்தக் கோல்காப்பாளருக்கும் நடக்கும்.

மே 19

ஓய்வு நாள். சப்பாத்து கழுவினேன். காலுறை தோய்த்தேன். நேற்றுத் தோய்த்த காலுறையையும் திரும்பத் தோய்த்தேன்.

மே 20

பெயர்களை வாசித்தார்கள். டிலக்சனா இல்லை.

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். அந்தப் பிள்ளை திறமைசாலிதான், ஆனால் பூட்டான்காரர் கடைசி நேரத்தில் உயரப் பந்துதான் போடுவார்கள், அப்போது ஆளைத் தவறவிடுகிறவளைக் கொண்டுபோக முடியாது என்றார். "நீயே கண்டாய் தானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பின்னேரம் டிலக்சனா பையோடு அறைக்கு வந்தாள். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். நெற்றி முடியெல்லாம் ஈரம்.

"போட்டு வாறன் அக்கா. நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். உங்கடை பேரைக் கெடுத்துப்போட்டன். குறை நினையாதேங்கோ."

"சீ, அப்பிடியொண்டும் இல்லை" என்றேன். ஓலையில் சுற்றின பனங்கட்டி ஒரு சரை வைத்துவிட்டுப் போனாள். காத்மண்டுவில் குளிராம், தேநீரோடு கடிக்கச் சொன்னாள்.

சரையை மேகலா பக்கத்து அலுமாரியில் வைத்துவிட்டேன். என் பக்கத்தில் இடமில்லை.

மே 22

இன்று காலை உடம்பு சூடாக்கும்போது மேகலா எறிந்த பந்தெல்லாம் இடப்பக்கமாகவே வந்தது. போட்டிக்கு முன்னால் முதல் கோல்காப்பாளருக்குப் பந்து எறிந்து கொடுப்பது இரண்டாமவளின் வேலை. இடம், வலம், உயரம், தாழ்வு என்று மாறி மாறி எறிய வேண்டும். நான்கைந்து நாளாகவே இவள் இப்படித்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

"வலப்பக்கம் எறியடி" என்றேன்.

"வேணாங்க்கா."

"எறி எண்டு சொல்லுறன்!"

எறிந்தாள். எறிந்தது கையின் அசைவில் தெரிந்தது. அதன்பிறகு பந்து தோளில் பட்டபோதுதான் தெரிந்தது. மெதுவாகத்தான் எறிந்திருக்கிறாள். நல்ல வேளை, மிஸ் அந்தப் பக்கம் நின்றார்.

மத்தியானம் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "எப்பருந்துக்கா இப்படி?"

"எப்பிடி?"

"எங்கிட்ட நடிக்காதீங்க. முகாம் தொடங்குனதுல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தேத்தண்ணிய மேசையில ஊத்துனீங்க. செவத்துல இடிச்சிக்கிறீங்க. வலது பக்கம் நின்னு கூப்புட்டா திடுக்கிடுறீங்க."

"தெரிஞ்சால் மிஸ்ஸிட்டைப் போய்ச் சொல்லு. ஏன் சொல்லேல்லை?"

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எப்படிக்கா சொல்றது? நான் சொன்னா, கையுறைக்கு ஆசப்பட்டு அக்காவ காட்டிக் குடுத்துட்டான்னுதான் பேசுவாங்க. ஆறு வருஷம் பென்ச்சுல இருந்துட்டேன். அந்தப் பேரோட எனக்கு ஒரு நாளும் கோலுக்குள்ள நிக்க வேணாம்."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொன்னுக்கா. அன்னைக்கு அந்த ஒம்பதாம் நம்பரு பந்தைத் தொடவே இல்ல. டிலக்சனா அவள அசையவே விடல. பந்து தூக்கிப்போட்டது அப்படியே நேரா உள்ள வந்திச்சி. உங்க பக்கத்தாலதான் வந்திச்சி."

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். மைதானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து போனேன்.

மே 24

காலையில் முகம் கழுவும்போது வலக்கண்ணின் கீழ்ப்பாதி கறுப்பாக இருந்தது. கழுவக் கழுவப் போகவில்லை. மேல்பாதி இருக்கிறது. உயரப் பந்து மேல்பாதியில்தானே வரும்.

இதை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். எவ்வளவு கேவலமாக எழுதுகிறேன்.

டிலக்சனாவுக்கு அழைப்பு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மே 25

புறப்படுவதற்கு முன் கடைசிப் பயிற்சி ஆட்டம். பதினாறு வயதுக்குட்பட்ட பாடசாலைப் பையன்களுடன். தேசிய அணி என்று பெயர், எதிர்த்து விளையாட மீசை முளைக்காதவர்கள். இருந்தாலும் வேகமாக ஓடுவார்கள்.

நல்ல வெயில். மழையைக் குற்றம் சொல்ல வழியில்லை. பந்து புதிது, மஞ்சள் நிறம். கோட்டைக் கீறினேன், வலது கம்பத்தைத் தொட்டேன், திரும்பத் தொட்டேன். இடையில் எங்கோ ஒரு பையன் வலப்பக்கத்தால் தனியாக வந்திருக்கிறான். கால் சத்தம் கேட்டது. பந்து போன சத்தம் கேட்டது. திரும்பியபோது வலை ஆடிக்கொண்டிருந்தது.

டிலக்சனாவின் இடத்தில் இப்போது சதுனி என்றொரு பிள்ளை. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். என் வாயிலிருந்து வரப்போகிற பெயருக்கான பயம். இந்த நான்கு வருடமும் எல்லோரும் இப்படித்தான் என்னைப் பார்த்திருக்கிறார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"யாருடைய ஆள்?"

"எமில்டா" என்றேன்.

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். கையை உயர்த்திச் சிங்களத்தில் சொன்னேன். "எமில்டா, மிஸ். அன்றைக்கு மாலைதீவுக்காரர் போட்டதும் எமில்டாதான்." பிறகு கையுறையைக் கழற்றினேன். வியர்வையில் ஈரமாக இருந்ததால் ஒவ்வொரு விரலாக இழுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் இருபத்திரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். மேகலாவிடம் நீட்டினேன். அவள் வாங்காமல் அழுதாள். பிடி என்று அதட்டின பிறகுதான் வாங்கினாள்.

கோட்டுக்கு வெளியே மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழிசல், டொக்டர், தேர்வு, ஒன்பதாம் இலக்கம். அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"டிலக்சனாவைக் கூப்பிடலாம் தானே மிஸ்?" என்று கேட்டேன்.

பெயர்கள் போய்விட்டன என்றார். பட்டியல் மூடின பிறகு காயப்பட்ட கோல்காப்பாளருக்குப் பதிலாக இன்னொரு கோல்காப்பாளரை மட்டும்தான் எடுக்கலாம், மற்றவர்களைத் தொட முடியாது. ஒரு கிழமைக்கு முன்னால் சொல்லியிருந்தால் உன் கண்ணும் தப்பியிருக்கும், அந்தப் பிள்ளையும் எங்களோடு வந்திருக்கும் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிக்க ஆள் அனுப்பினார்.

மே 29

சத்திரசிகிச்சை முடிந்து நேற்றுத்தான் எழுத விட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும். கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்களாம். அது விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக நான் குப்புறவே கிடக்க வேண்டும், சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் தவிர. கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தரையில் வைத்து எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்க பந்தை அண்ணாந்து பார்த்தவளுக்கு இப்போது தரையோடுதான் பேச்சு.

டொக்டர் வளைத்து நெளிக்காமல் சொல்லிவிட்டார். வெளிச்சமும் ஆள் அசைவும் தெரியலாம். நடுப்பார்வை திரும்பி வராது. பிந்திவிட்டதாம்.

ஜெசி வந்து பக்கத்தில் இருக்கிறாள். அம்மா நான் பயந்தபடியே கோவிலில்.

ஜூன் 3

இந்தியா 4, நாங்கள் 0. ஜெசி தொலைபேசியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துப் பார்த்துச் சொன்னாள். மேகலா பதினொரு பந்து தடுத்திருக்கிறாள். அவள் இவ்வளவு நல்ல கோல்காப்பாளர் என்று எனக்கு எப்போதும் தெரியும். அது யாருக்கும் தெரியாமல் இருந்ததற்கும் நான்தான் காரணம்.

ஜூன் 6

பூட்டான் 1, நாங்கள் 1. கோல் கணக்கில் அவர்கள் அரையிறுதிக்குப் போய்விட்டார்கள்.

முதலில் நாங்கள்தான் அடித்தோம். ஜெசி போட்ட கூச்சலில் தாதி ஓடி வந்தார். கடைசி நிமிடங்களில் மிஸ் சொன்னபடியே உயரப் பந்து போட்டார்கள். வலப்பக்கத்தில் சதுனி தன் ஆளை விட்டுவிட்டாள். பாவம், அவளுக்கு அந்த இடம் பழக்கமில்லை. ஜெசி கோலைச் சொல்லாமல் நிறுத்தினாள். ஆனால் கூட்டம் கத்தியதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

பின்னேரம் காத்மண்டுவிலிருந்து மேகலா அழைப்பு எடுத்தாள். அழுது குரல் அடைத்திருந்தது.

"மிஸ் கேட்டவவோ?" என்றேன்.

"கேட்டாங்கக்கா."

"என்ன சொன்னாய்?"

"என் பேரச் சொல்லிட்டேன்." பிறகு, "பந்து வர்றப்ப நான் கத்தியிருக்கணும், கத்தல. சதுனி மேல மட்டும் போட மனசு வரலக்கா" என்றாள். டிலக்சனா கொடுத்த பனங்கட்டியை எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்தாளாம்.

ஜூன் 9

இன்று டிலக்சனா அழைப்பை எடுத்தாள்.

ஜெசி தொலைபேசியை என் முகத்துக்குக் கீழே தரையில் வைத்தாள். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது, யாரோ விறகு கொத்துகிற சத்தமும். மாலைதீவுக் கோல் என்னுடையது, உன் ஆள் பந்தைத் தொடவே இல்லை, நான் பந்தைக் காணாமல் உன் பெயரைச் சொன்னேன், என் கண் போய்விட்டது, அதை ஒளித்தேன், உன் இடத்தைப் பறித்தது நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். ஏசுவாள், இல்லாவிட்டால் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் முதலில் கேட்டது இதுதான்:

"அப்ப அவ தொடேல்லையோ அக்கா?"

"இல்லை பிள்ளை."

"நான் கண்டனான், அவ தொடேல்லை எண்டு. என்ர ரெண்டு கண்ணாலும் கண்டனான். பிறகு நீங்கள் என்ர பேரைச் சொன்னீங்கள். எமில்டா அக்கா பிழையாச் சொல்லமாட்டா, எனக்குத்தான் கண் பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "போன கிழமை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியிலை போய்க் கண்ணைக் காட்டினனான் அக்கா. ஒரு குறையும் இல்லையெண்டு அனுப்பிவிட்டினம். நான் நம்பேல்லை. விளையாட்டையும் விட்டிட்டன்."

பிறகு அவளே கேட்டாள், "உங்களுக்கு நோகுதோ அக்கா?" என்று.

குப்புறக் கிடப்பதால் கண்ணீர் கன்னத்தில் வழியவில்லை, நேரே தொலைபேசியின் மேல் விழுந்தது. கண் நனையக்கூடாது என்று டொக்டர் சொன்னதை நினைவுபடுத்திவிட்டு, ஜெசி துணியை எடுத்து முதலில் தொலைபேசியைத் துடைத்தாள், பிறகு தரையைத் துடைத்தாள்.